துண்டுக்குள்ள முளைச்ச வெந்தயம்

ஒரு ஊர்ல ஒரு கை இருந்துச்சாம். கைன்னா தனிக் கை இல்ல, கூடவே ஆளும் இருந்தாரு. செங்கோடன்னு பேரு. காங்கேயம் பக்கத்துச் சந்தையில மாட்டுத் தரகு பாக்கறவரு. ம் கொட்டு சாமி, அப்பத்தான் கதை நடக்கும்.

ம்.

அந்தச் சந்தையில விலையை வாயால சொல்ல மாட்டாங்க. தோள்ல கிடக்கற துண்டை எடுத்து ரெண்டு பேர் கைக்கும் மேல போட்டு மூடிக்குவாங்க. உள்ள விரலை விரல் பிடிக்கும். எத்தனை விரலைப் பிடிச்சாங்களோ அதுதான் விலை. பக்கத்துல நிக்கறவனுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. பேச்சு முடியற வரைக்கும் துண்டைத் தூக்கவே கூடாது. அவசரப்பட்டுத் தூக்கினா யாவாரம் அத்தோட முறிஞ்சு போச்சு.

செங்கோடன் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத ஆளு. சாணி அள்ளி, மாட்டுக்கிட்ட உதை வாங்கி, மனுசங்ககிட்ட அதைவிடப் பெரிய உதை வாங்கி மேல வந்தவரு. அதனால கோவம் மூக்கு நுனியிலயே குடியிருந்துச்சு. விலை படியலைன்னா மூஞ்சி செவசெவன்னு ஆகும், கழுத்து நரம்பு புடைக்கும். போகப் போகக் கையும் ஆட ஆரம்பிச்சிருச்சு. கிடுகிடு, கிடுகிடு.

அப்புறம் ஒரு நாள் துண்டுக்குள்ள நாலு விரலைப் பிடிக்கப் போனாரு. ஆடின ஆட்டத்துல அஞ்சாவது விரலும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. விக்கறவரு ஒரு விலைன்னாரு, வாங்கறவரு வேற விலைன்னாரு. சந்தையே கூடிருச்சு. "செங்கோடன் கை ரெண்டு பேச்சு பேசுதப்பா"ன்னு சொல்லிப்புட்டாங்க. அதுல இருந்து அவரு துண்டை விரிச்சா ஒருத்தரும் கையை உள்ள விடறதில்ல. தரகருக்குக் கைதான் நாக்கு. அதையே நம்பலைன்னா மனுசன் எங்க போவாரு?

ம்.

அப்போ அவரு சம்சாரம் பாவாயி, மனுசனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. டாக்டரம்மா கையில பட்டையைச் சுத்தி, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சுப் பாத்தாங்க.

"பிரஷர் ஏகத்துக்கு இருக்கு. மாத்திரை தர்றேன், தவறாம சாப்பிடுங்க. ஆனா அது பாதிதான். லாபம் பாக்காம, மெதுவா செய்யற மாதிரி ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கங்க."

"அதுக்கு எவ்வளவுங்க ஆகும்?"

"காசே ஆகாது."

"காசு ஆகாத சரக்கு எதும்மா உருப்படியா இருந்திருக்கு?"

பாவாயி அவரு காலை மிதிச்சாங்க. நச்சுன்னு.

அப்புறம் என்ன, மொதல்ல நடந்து பாக்கலாம்னு வெடியால, கோழி கூப்பிடற நேரத்துலயே கெளம்பினாரு. தொம் தொம் தொம். நல்லாத்தான் போச்சு. போற வழியில வேப்பமரத்தடியில ஒரு காளை கட்டியிருந்துச்சு. சும்மா போவாரா? போயி வாயைத் திறந்து பல்லைப் பாத்தாரு, வாலைத் தூக்கிப் பாத்தாரு, அதுக்கு விலையும் சொல்லிட்டாரு.

"ஏனுங்க, நான் விக்கறேன்னு சொன்னனா?" அப்படீன்னான் காளைக்காரன்.

"விக்காத மாட்டை எதுக்கய்யா ரோட்டோரம் கட்டின?"

பெரிய சண்டை. மூஞ்சி செவசெவ, கை கிடுகிடு. நடந்ததுல ஏறுன நல்லதெல்லாம் திரும்பி வர்றப்ப இறங்கிப் போச்சு.

அப்புறம் ரெண்டாவதா மீன் பிடிக்கப் போனாரு. குளத்தங்கரை, நிழலு, மூங்கில் குச்சி, மண்புழு. எல்லாம் ஓசி. உக்காந்தாரு. தக்கை அசையல. மீனுகிட்ட பேரம் பேசினாரு.

"இந்தா, பாதிப் புழு. மொதல்ல கடி. கடிச்சாத்தான் மீதி."

மீனு வந்துச்சு. பாதியை லபக்குன்னு தின்னுச்சு. போயிருச்சு. மறுபடி பாதி, மறுபடி லபக்கு.

"ஏமாத்துக்காரக் கழுதை"ன்னு குச்சியைத் தூக்கித் தண்ணியில வீசினாரு. அப்புறம் குச்சி நல்ல குச்சியாச்சேன்னு தானும் பின்னாலயே குதிச்சாரு. தொபுக்கடீர். அந்தப் பக்கம் ஊறிக்கிட்டு இருந்த எருமையெல்லாம் தலையைத் திருப்பிப் பாத்துச்சு. சிரிக்காத, படு.

ம்.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தாரு. பாவாயி துவட்டத் துணியை எடுத்துக் குடுத்தாங்க. அஞ்சறைப் பெட்டியில இருந்து ஒரு பிடி வெந்தயத்தை எடுத்து, ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் டப்புல மண்ணைப் போட்டுத் தூவினாங்க. "இதைப் பாத்துக்கங்க. அது போதும்."

மறுநாள் செங்கோடன் விரலை விட்டு நோண்டினாரு. முளைக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு எடத்துல நோண்டினாரு. "இவ்வளவு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு உள்ள என்ன பண்ணுது இது?" மத்தியானத்துக்குள்ள டப்பு கோழி கிளறின குப்பைமேடு மாதிரி ஆயிருச்சு. வெந்தயமெல்லாம் மேல வந்து வெயில்ல காஞ்சு போச்சு.

அப்போ பாவாயி வந்து நின்னாங்க. இன்னொரு பிடி வெந்தயம் தூவினாங்க. அவரு தோள்ல கிடந்த துண்டை உருவினாங்க, தண்ணியில நனைச்சாங்க, பிழிஞ்சாங்க, டப்பு மேல போட்டு மூடினாங்க.

"துண்டு போட்டாச்சு. உள்ள பேச்சு நடக்குது. தரகரு இப்பத் தூக்கிப் பாருங்க, பாக்கலாம்."

செங்கோடனுக்குக் கை துண்டுகிட்ட போச்சு, திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு, வந்துச்சு. எப்படித் தூக்குவாரு? துண்டைத் தூக்கினா இத்தனை வருசத் தொழில் சிரிக்காது? பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாரு. துண்டு காஞ்சா தண்ணி தெளிச்சாரு. அப்போதான் சுவத்து மேல சிட்டுக்குருவி கீச்சுகீச்சுன்னு கத்தறது காதுல விழுந்துச்சு. வீட்டுக்குள்ள பாவாயி முணுமுணுன்னு பாடறதும் விழுந்துச்சு. இவ எப்ப இருந்து பாடறான்னு யோசிச்சாரு.

இப்படியே சில நாள். ஒரு காலையில போயிப் பாத்தா துண்டு மேடு தட்டி நிக்குது. உள்ள இருந்து ஆயிரம் பச்சைத் தலை முட்டிக்கிட்டு இருக்குது.

"பாவாயி, இங்க வா. அவங்களே தூக்கிட்டாங்க."

"அப்ப யாவாரம் முறிஞ்சுதா?"

"போச்சாது போ, முறிஞ்சா முறியட்டும்"னாரு. அன்னைக்கு வெந்தயக்கீரைப் பருப்பு. அப்புறம் இன்னொரு டப்பு, அப்புறம் இன்னொண்ணு. மாத்திரையும் தவறாம உள்ள போச்சு. டாக்டரம்மா புஸ்ஸுன்னு அடிச்சுப் பாத்துட்டு, "இறங்கியிருக்கே"ன்னாங்க.

ம்...

அப்புறம் சந்தைக்குப் போனாரு. யாரும் கையைத் தரல. அவரு கத்தல, ஓரமா உக்காந்திருந்தாரு. மத்த தரகருங்க எல்லாம் மாடு விக்க வந்த ராக்கியண்ணன்னு ஒரு விவசாயியைப் பிடிச்சு ஆளுக்கொரு பக்கம் இழுத்தாங்க. அவரு ஒதறிக்கிட்டு, மாட்டையும் ஓட்டிக்கிட்டு, சத்தமில்லாத எடத்தைத் தேடி செங்கோடன்கிட்ட வந்து நின்னாரு. வாங்கறவரும் பின்னாலயே வந்தாரு.

துண்டு விழுந்துச்சு. உள்ள ஒரு கை கிடுகிடுன்னு ஆடுது. செங்கோடன் பயந்தே போனாரு. அப்புறம்தான் பாத்தாரு, ஆடறது தன் கை இல்ல, ராக்கியண்ணன் கை. கன்னுக்குட்டியில இருந்து வளத்த மாடாம்.

செங்கோடன் விலை சொல்லல. அந்த விரலுங்களைச் சும்மா பொத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"என்னப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"உங்க கை நிக்கட்டுமுங்க. துண்டு எங்க ஓடப் போகுது."

வாங்க வந்தவருக்குப் பொறுக்கல. "உள்ள என்னதான்யா நடக்குது?"

"முளைச்சுக்கிட்டு இருக்குது. செத்த நேரம் இருங்க."

மெதுமெதுவா அந்தக் கை நின்னுச்சு. அப்புறம் செங்கோடன் அவரு விரலைப் பிடிச்சாரு. சரியான விரலை. ராக்கியண்ணன் தலையாட்டினாரு. வாங்கறவரு கையும் துண்டுக்குள்ள வந்துச்சு, அவரும் தலையாட்டினாரு. துண்டை எடுத்தப்புறம் ரெண்டு பேரும் வெளிய சொன்ன விலை ஒண்ணா இருந்துச்சு. மாடு கைமாறிப் போச்சு. பின்னால வரிசையா இன்னொரு கை நீண்டுச்சு, அதுக்குப் பின்னால இன்னொண்ணு. செங்கோடன் துண்டை உதறி, அவசரமே இல்லாம விரிச்சாரு.

என்ன, ம் வரலையே. சரி சரி. கதை மேஞ்சு முடிச்சுக் கட்டுத்தறிக்கு வந்து படுத்திருச்சு. நீயும் தூங்கு சாமி.