சோறு போகும் வழி

கோரையூர் ராஜா மகிழ்வர்மருக்குப் பலாச்சுளை என்றால் உயிர். தின்றுவிட்டு வயிறு உப்பிப்போய் உட்கார்ந்திருப்பார். அப்போது பக்கத்தில் ஆவுடையான் இருக்க வேண்டும். அவன் வாயைத் திறந்தால், வலியோடு வலியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். சபையில் அவனுக்கு இருந்த உத்தியோகமே அதுதான்.

அன்றும் ராஜா சபையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரண்மனை வைத்தியர் மருதீசப் பண்டிதர் நாடியைத் தொட்டபடி, கண்ணை மூடிப் பாட்டுப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் பாட்டன் கட்டிய பாட்டு. தின்ற சோறு உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது, எந்த இடத்தில் என்ன ஆகிறது என்று விலாவாரியாகச் சொல்லும்.

"பண்டிதரே, பாட்டு முடிவதற்குள் வலி தானாகவே போய்விடும் போலிருக்கிறதே" என்றான் ஆவுடையான்.

சபை சிரித்தது. பண்டிதர் சிரிக்கவில்லை.

"மன்னா, ஈரல் எது, இரைப்பை எது என்று தெரியாதவன் என் வித்தையைக் கேலி செய்கிறான். வருகிற அமாவாசைக்குள் இந்த வழி முழுவதையும் படித்து, நான் எங்கே தொட்டுக் கேட்டாலும் சொல்லட்டும். முடியாவிட்டால் இவன் இடத்தை என் மைத்துனருக்குக் கொடுங்கள்."

மைத்துனர் ஏற்கெனவே அந்த இருக்கையை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார். ராஜாவுக்கோ வேடிக்கை என்றால் போதும். தலையாட்டிவிட்டார்.

சிரிக்க வைப்பதைத் தவிர ஆவுடையானுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பாட்டை உருப்போட்டான். காலையில் படித்தது மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் காணாமல் போயிற்று.

அவன் மனைவி செங்கமலம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"அரண்மனையில யார் எங்க உட்காருவாங்க, யாருக்கு யாரைக் கண்டா ஆகாது, யார் வீட்டுக் கல்யாணத்துல யார் கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றீங்க. இந்தக் குடலும் ஈரலும்தான் மண்டையில ஏறமாட்டேங்குதாக்கும்?"

ஆவுடையான் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து பெரிதாக ஒரு கும்பிடு போட்டான். அதற்கப்புறம் அவன் பாட்டை உருப்போடவே இல்லை. ஓர் அடியைப் பார்ப்பான், பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். செங்கமலத்துக்குத்தான் பயமாகிவிட்டது.

அமாவாசை வந்தது. சபை கூடியது.

பண்டிதர், வாய் தொடங்கி வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. சரி, இவனைக் குழப்பிவிடலாம் என்று தலைகீழாகக் கேட்டார்.

"சிறுகுடலுக்கு முன்னால் என்ன?"

"இரைப்பை."

அது சரியா என்று பார்க்கத்தான் நேரமாயிற்று. பாட்டை முதல் அடியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால்தான் பண்டிதருக்கு நடுவில் இருப்பது ஞாபகம் வரும். சபை காத்திருந்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"சரிதான்" என்றார் பண்டிதர் வேண்டாவெறுப்பாக. "ஆனால் மன்னா, இவன் ஒவ்வொரு பதிலுக்கும் சபையில் யாரையோ பார்க்கிறான், பார்த்துச் சிரிக்கிறான். இதில் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது."

"எப்படிப் படித்தாய்? உள்ளதைச் சொல்" என்றார் ராஜா.

"சொன்னால் சபையில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள், மகாராஜா."

"நான் பேசுகிறேன். சொல்."

"நம் ஊரையே ஓர் உடம்பாக நினைத்துக்கொண்டேன். வாய்தான் கோட்டை வாசல். பல்லெல்லாம் காவலர்கள். இரண்டு வரிசையாக நிற்கிறார்கள், நடுநடுவே ஆளைக் காணோம். இரைப்பை நம் சேனாதிபதி. எது உள்ளே வந்தாலும் புளிப்பைக் கொட்டிப் போட்டுக் கடைவார்."

சேனாதிபதியின் முகம் புளித்தது. சபை வாயைப் பொத்திக்கொண்டது.

"கல்லீரல் நம் கருவூலத்தார். வந்ததை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவசரம் என்றால் மட்டும் கிள்ளிக் கொடுப்பார். சிறுகுடல் கடைத்தெரு. வளைந்து வளைந்து போகும், போகிறவரிடமிருந்து சாரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் விடும்."

"பித்தப்பை?" ராஜாவுக்கு ருசி கண்டுவிட்டது.

"பண்டிதரின் மைத்துனர். அவராக எதையும் உண்டாக்குவதில்லை. கல்லீரல் செய்ததை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். நெய்ச்சோறு வரும்போது மட்டும் எட்டிப் பார்ப்பார்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் திடீரென்று கேட்டார்: "அது சரி, நான் எங்கே?"

"நீங்கள் எந்த உறுப்பும் இல்லை, மகாராஜா. நீங்கள்தான் சோறு. தினமும் உங்களை வாசலில் உள்ளே விட்டு, பின்னாலேயே நடந்துதான் வழியைப் பாடம் பண்ணினேன்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். இதற்குத்தானே காத்திருந்தார். "கேட்டீர்களா மன்னா? சோறு கடைசியில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசி வாசலில் நம் மன்னர் என்னவாக வெளியே வருகிறார் என்று இவனையே சொல்லச் சொல்லுங்கள்."

ராஜாவின் புருவம் நெறிந்தது. மைத்துனர் இருக்கையை நோக்கி ஓர் அடி வைத்தார். இது ஆவுடையான் யோசித்தே பார்க்காத கேள்வி.

"மகாராஜா" என்றான் மெதுவாக, "சோற்றின் சாரம் அந்த வாசலுக்குப் போகவே போகாது. அது பாதி வழியிலேயே ரத்தத்தில் கலந்து கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் போய்விடும். பண்டிதரின் பாட்டனே அப்படித்தான் பாடியிருக்கிறார். நீங்களும் கடைத்தெருவோடு சரி. அங்கிருந்து குடிமக்களின் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். கடைசி வாசல் வரை வருவது, யாருக்கும் எதற்கும் ஆகாத சக்கை மட்டும்தான்."

பிறகு பண்டிதரின் பக்கம் திரும்பி அடக்கமாகக் கைகூப்பினான்.

"அந்த இடத்துக்கு மட்டும் எனக்கு ஆள் கிடைக்காமலே இருந்தது. இன்றைக்கு இத்தனை பேர் இருக்கிற சபையில், அந்த வாசல் வரைக்கும் வந்து நின்றவர் பண்டிதர் ஒருவர்தான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தத் தடவை பலாச்சுளை காரணமில்லை. ஆவுடையானுக்கு அவன் இருக்கையோடு ஒரு பட்டுச் சால்வையும், இனி அரண்மனைக்கு வரும் பலாப்பழத்தில் பாதியும் என்று உத்தரவாயிற்று. ராஜாவின் வயிற்றுவலியும் அதோடு பாதியாகக் குறைந்தது.

அன்று மத்தியானம் விருந்து. நெய்ச்சோறு பரிமாறினார்கள். பண்டிதரின் மைத்துனர் மட்டும் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டார்.