கரிச்சான் எருமை முதுகில் ஏறிய கதை

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு காட்டில் பாட்டை எண்களாக எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. ஆண்குயில் பாடும்போது அவன் குரலின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தையும் எறும்புகள் அளந்து, எண்ணாகப் பாறையில் பதித்துவிடும். அதைப் பார்த்துத் திரும்பப் பாடுவது கரிச்சான் குருவியின் வேலை.

ஓர் எண்ணைப் பிடித்து நிற்பான். சட்டென்று அடுத்ததற்குத் தாவுவான். பாட்டு படிக்கட்டு மாதிரி வரும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கீச்சென்று ஒரு பிசிறு. ஆனால் அவன் எருமையின் விலாவில் வாய் வைத்துத்தான் பாடுவான். எருமைக்கு வேகமாக அசையவே வராது. துடிக்கிற பிசிறெல்லாம் அவள் உடம்புக்குள் அடங்கிவிட, மெதுவான அசைவு மட்டும் வழவழவென்று மறுபக்கம் வரும். குயிலே பாடுவது போலிருக்கும்.

“எருமையக்கா, என்னமா இழையுது” என்று காடே அவளைப் புகழும். கரிச்சானுக்கு வயிறு எரியும். தொண்டை வறளப் பாடுவது நான், அசைபோட்டு நிற்பவளுக்குப் பெயரா?

ஒரு மழைக்காலத்தில் ஆண்குயில் செத்துப்போனான். அவன் மனைவி வந்தாள். “அவர் குரலை ஒரே ஒரு தடவை கேட்டுட்டு இந்தக் காட்டை விட்டே போயிடறேன்” என்றாள்.

கரிச்சான் எருமையிடம், “நீ குளத்துக்குப் போ. நான் தனியாவே பாத்துக்கறேன்” என்றான். அவள் அசைபோட்டபடியே போனாள்.

ஓர் எண் பிசகாமல் பாடினான். பெண்குயிலின் முகம் சுருங்கியது. “எங்க வீட்டுக்காரர் இப்படிக் கீச்சிட மாட்டார். இது வேற யாரோ” என்று அழுதுகொண்டே பறந்துவிட்டாள்.

கரிச்சான் குளத்துக்குப் பறந்தான். எருமை முதுகில் இறங்கி, அவள் தோலோடு வாயை ஒட்டி, மனப்பாடமாக இருந்த எண்களை மறுபடி பாடினான். போய்க்கொண்டிருந்த பெண்குயில் திரும்பினாள். குளக்கரை மரத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

“அவரேதான் அக்கா” என்று எருமையைப் பார்த்துக் கும்பிட்டாள். கரிச்சானை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணைப் பாட்டாக்கும் கருவி எதுவானாலும், நம் கைபேசி வரைக்கும், எண்ணைப் படிக்கும் மின்னணுச் சில்லுக்கு அடுத்தாற்போல், பிசிறை விழுங்க மந்தமான ஒரு வடிகட்டி நிற்பது அன்று முதல்தான். கரிச்சான் எருமை முதுகை விட்டு இறங்காததும் அன்று முதல்தான். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், வயிறெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறான்.