ஜமீன்தாரின் நாலு கால் காரணம்

சாமி இல்லை என்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஜமீன்தார் உக்கிரபாண்டியனின் காரணத்துக்கு நாலு கால்.

அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா காணாமல்போன மறுநாளே அவர் ஊரைக் கூட்டினார்.

"சாமியே கிடையாது. இருக்குன்னா பொழுது சாயறதுக்குள்ள எனக்குக் காட்டுங்க. இல்லேன்னா கோயிலை இடிச்சு மாட்டுத்தொழுவம் கட்டிடுவேன்."

அவருடைய வண்டிக்காரன் இருளப்பன் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி அவர் முன்னால் வைத்தான்.

"எஜமான், 'கிடாயை நான் திங்கலை'ன்னு இதை அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. சாமிதான் இல்லையே, வெறும் கற்பூரம்தானே."

ஜமீன்தார் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவே இல்லை. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

"காட்டிட்டேன் எஜமான்," என்றான் இருளப்பன். "எங்க கண்ணுக்குத்தான் இன்னும் தெரியலை. உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிடுச்சு."