பெட்டியைப் போட்டதும் தெரியும் முகம்

ராஜாக்கள் ரிமோட்டும் கையுமாக இருந்த காலத்தில், ஒரு தை முதல் தேதியன்று, கடலோர நாடு ஒன்றின் தலைநகரில் டிஜிட்டல் தொலைக்காட்சி தொடங்கியது. தம் மீசையை முடி முடியாகத் திரையில் பார்க்க மன்னர் ஆசைப்பட்டதே காரணம்.

வீட்டுக்கு வீடு புதுப் பெட்டி வந்தது. பெட்டி இல்லாதவர்களுக்காகப் பழைய ஒளிபரப்பையும் அதே கேபிளில் சில காலம் ஓட்ட வேண்டியிருந்தது. எல்லாச் சேனலுக்கும் இடம் போதவில்லை.

"எதைக் குறைவான பேர் பார்க்கிறார்களோ, அதை எடுத்துவிடுங்கள்" என்றார் மன்னர்.

கேபிளை நிர்வகித்த அமைச்சர் மாறநாயகம் மறுநாளே கணக்கோடு வந்தார். "மன்னா, நாடே பார்ப்பது மணிமாடம் டிவி. யாரும் சீண்டாதது கரைக்காற்று டிவி."

மணிமாடம் அவருடைய மைத்துனரின் சேனல். நாள் முழுக்க நகை விற்கும். கரைக்காற்று, பொற்கிளி என்ற பெண் நடத்துவது. கடலில் காற்று எப்படி, படகை இறக்கலாமா என்று மீனவர்களுக்குச் சொல்லும்.

சேதி கேட்டுப் பொற்கிளி சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, புதுப் பெட்டியப் போட்டாலே மொதல்ல மணிமாடந்தான் வருது. அப்படிப் பண்ணி வச்சிருக்காங்க. அதத் தாண்டித்தான் சனங்க எங்ககிட்ட வரணும். எங்களத் தூக்கிட்டா, காத்து தெரியாமப் படகு போகும் சாமி."

"எப்படிப் பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதானே, அம்மா!" என்றார் மாறநாயகம்.

மன்னர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற விகடகவி பூவராகன், மன்னரைவிட வேகமாகத் தலையாட்டினான்.

"அமைச்சர் வாக்கே சட்டமாகட்டும், மன்னா. அதிகம் பேர் கண்ணில் படுபவரே பெரியவர்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

மறுநாள் மன்னர் சபைக்கு வந்தபோது, சிம்மாசனத்தில் வாசற்காவலன் சுடலை ஈட்டியும் கையுமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பூவராகன் அவனுக்குச் சாமரம் வீசிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது கூத்து?"

"மெதுவாகப் பேசுங்கள். மகாராஜா வீற்றிருக்கிறார்."

"அப்படியானால் நான் யார்?"

"நேற்று அரண்மனைக்கு வந்த அத்தனை பேரும் இவரைப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர்கூட உள்ளே வந்து தங்களைப் பார்க்கவில்லை. தாங்கள் ஒப்புக்கொண்ட சட்டப்படி..."

"ஐயா, நான் எறங்கிக்கிறேனே" என்றான் சுடலை.

"அமருங்கள், பிரபு."

மாறநாயகம் பாய்ந்து வந்தார். "மடையா! வாசலில் நிற்பவனைப் பார்க்காமல் எவன் உள்ளே நுழைய முடியும்? கண்ணில் பட்டுவிட்டால், அவனைப் பார்க்க வந்ததாக அர்த்தமா?"

"நேற்று அந்த அம்மாள் சொன்னதும் இதுதான், அமைச்சரே."

மன்னர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை சுடலைக்கு இறங்க உத்தரவு கிடைக்கவில்லை.

பூவராகனுக்கு முத்துமாலை பரிசாகக் கிடைத்தது. பெட்டியைப் போட்டதும் எந்தச் சேனலும் தானாக வரக்கூடாது என்று ஆணையிட்ட மன்னர், மறுபடியும் கணக்கெடுக்கச் சொன்னார்.

மாசி பிறந்தபோது மணிமாடம் டிவி கேபிளிலிருந்து எடுக்கப்பட்டது. கரைக்காற்று டிவி தொடர்ந்தது.