கொய்யாத் தோப்புத் துப்பாக்கி

எதுவுமே உடையாமல் ஒரு பொருள் எப்படிக் கெட்டுப்போகும்? மூன்று நாளாகச் சோணைமுத்து இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் திண்டுக்கல்லில் ஏர் கன் பழுது பார்க்கும் எப்சிபாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தவர் அவர். எப்சிபாவுக்கு முப்பத்தாறு வயது. அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். கடைக்கு வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

மேசைமேல் கிடந்தது ஆயக்குடி வெள்ளியங்கிரியின் துப்பாக்கி. கொய்யாத் தோப்பில் குரங்கு விரட்ட வைத்திருப்பது. குரங்கைச் சுட அந்த மனுஷனுக்கு மனசு வராது. மரத்தில் ஒரு தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு அதைச் சுடுவார். சத்தத்துக்குக் குரங்குகள் தெறித்து ஓடும். இப்போது குண்டு தகரம் வரைக்கும் போவதில்லை, பாதி வழியிலேயே விழுந்துவிடுகிறது. குரங்குகள் கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றனவாம்.

சோணைமுத்து ஒன்றையும் விடாமல் பார்த்துவிட்டார். குழல் மடங்கும் இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்துச் சுட்டார். காகிதம் அசையவில்லை, அங்கே காற்று கசியவில்லை. பிஸ்டனின் தோல் வாஷர் பதமாக இருந்தது. குழலுக்குள் அழுக்கில்லை. திருகுகளும் இறுக்கமாகத்தான் இருந்தன.

அவருக்கு அலுப்பாக இருந்தது. துப்பாக்கியால் மட்டும் வந்த அலுப்பு இல்லை. மனைவி பவளக்கொடி பக்கவாதத்தில் படுத்துப் பதினாலு மாசம் ஆகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர் ஒருவரே. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பகலில் நாலு மணி நேரம் மட்டும் இங்கே வருவார். வந்தாலும் காது வீட்டில்தான் இருக்கும். இந்த நாலு மணி நேரத்தையும் விட்டுத் தொலைத்துவிடலாம் என்று ஒரு வாரமாகவே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் தனக்கென்று மிச்சமிருப்பது என்பதும் அவருக்குத் தெரியும்.

"மேஸ்திரி, எனக்கு இது பிடிபடலை. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு பாக்குறேன்."

எப்சிபா ஏன் என்று கேட்கவில்லை.

"ஸ்பிரிங்கைக் கழட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். உடையலை."

"மறுபடியும் கழட்டுங்க."

கழற்றினார். அவள் அலமாரியிலிருந்து அதே அளவுப் புது ஸ்பிரிங் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பழையது நாலு விரற்கடை குட்டையாக இருந்தது.

"உடையலை, தேயலை. பின்ன எப்படிக் குட்டையாச்சு?" என்றார் சோணைமுத்து.

துப்பாக்கியை வாங்கிப் போகலாம் என்று வந்த வெள்ளியங்கிரி வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எப்சிபா அவர் பக்கம் திரும்பினாள்.

"தோப்புல இதை எப்படிங்க வச்சிருப்பீங்க?"

"கதவோரமா சாத்தி வச்சிருப்பேனுங்க."

"மடக்கியா, மடக்காமலா?"

குழலை ஒருமுறை மடக்கி நிமிர்த்தினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்ளும். விசையை அமுக்கும்வரை அப்படியே சுருங்கிக் கிடக்கும்.

"மடக்கித்தானுங்க. குரங்கு என்ன சொல்லிட்டா வருது? சுட்ட கையோட மறுபடி மடக்கி வச்சிருவேன். ரெண்டு வருசமா ஒரு நாளும் தவறுனதில்லீங்க." அவர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

சோணைமுத்து பழைய ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டு வருஷம் சுருங்கியே கிடந்து நீளம் இழந்துபோன அதன்மேல் அவருக்குப் பரிதாபமாக இருந்தது. ஒரு ஸ்பிரிங்குக்குப் போய்ப் பரிதாபப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இதையே இழுத்து நீட்டி மாட்டுனா ஓடாதா மேஸ்திரி?"

"நாலு நாள் ஓடும்."

வெள்ளியங்கிரியிடம் அவள் சொன்னாள்: "இனிமே மடக்காம வையுங்க. குரங்கு வந்தப்புறம் மடக்கினாப் போதும்."

"அதுக்குள்ள ரெண்டு காய் போயிருமுங்களே."

"போகட்டும்."

வெள்ளியங்கிரிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

சோணைமுத்து புது ஸ்பிரிங்கை மாட்டிப் பூட்டினார். சுட்டுப் பார்க்கலாமென்று குழலை மடக்கி நிமிர்த்தினார். குண்டு போடுவதற்குள் செல்போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தார். வீட்டிலிருந்து இல்லை. உத்தமபாளையத்திலிருந்து கொழுந்தியாள் அன்னக்கிளி.

"மாமா, நான் வந்து மூணு மாசம் இருக்கேன். எத்தனை தடவைதான் கேக்குறது?"

"வேணாம்மா. நான் பாத்துக்கிறேன்."

"பொங்கலுக்கும் இதேதான் சொன்னீங்க. அவ எனக்கு அக்கா இல்லையா?"

"நான் பாத்துக்கிறேம்மா. வச்சிரு."

தன் ஈரத்துணியை வேறு யாராவது மாற்றினால் பவளக்கொடி கூசி அழுவாள். அதனால்தான் முதலில் மறுத்தார். அது முதல் மாசத்துக் கதை. இப்போது அவள் அழுவதில்லை. அழுவது அவர்தான், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. மறுப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது.

திரும்பி வந்து துப்பாக்கியை எடுத்தார்.

"சுடாதீங்கண்ணே," என்றாள் எப்சிபா. "இறக்குங்க."

"குண்டு போட்டே சுட்டுப் பாத்துர்றேனே."

"சுடறது இருக்கட்டும். இவருக்கு இறக்கத் தெரியணும்ல. செஞ்சு காட்டுங்க." அவள் வெள்ளியங்கிரியைக் கைகாட்டினாள்.

சுடாமலே ஸ்பிரிங்கைத் தளர்த்தி இறக்குவது சோணைமுத்துவுக்குத் தெரிந்த வேலைதான். குழலை மறுபடியும் முழுசாக மடக்கிப் பிடித்துக்கொண்டு விசையை அமுக்க வேண்டும். அந்த நொடியில் ஸ்பிரிங்கின் மொத்த பலமும் கைக்கு வரும். விட்டுவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழலை நிமிர விட வேண்டும். கை நழுவினால் குழல் எகிறும். குழலும் வளையும், விரலும் போகும்.

துப்பாக்கியின் பின்கட்டையைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, குழலை மடக்கிப் பிடித்துக்கொண்டு விசையை அமுக்கினார். பதினாலு மாசமாக ஒரு முழு ஆளைத் தூக்கிப் புரட்டி ஓய்ந்துபோன தோள் அது. குழல் ஒரு சாண் எகிறியது. விசையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். மேலே விடவும் தைரியமில்லை, திரும்ப மடக்கவும் தெம்பில்லை.

வெள்ளியங்கிரி பதறி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க," என்றாள் எப்சிபா. அவள் சோணைமுத்துவுக்கு ஓரடி தள்ளித்தான் நின்றாள். இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன. கண் மட்டும் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

சோணைமுத்து பல்லைக் கடித்தார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அவர் வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

"நான் பாத்துக்கிறேன்."

அவள் நகரவில்லை.

கை இன்னும் ஒரு விரற்கடை வழுக்கியது.

"மேஸ்திரி," என்றார். குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது. "முடியலை. கொஞ்சம் பிடிங்க."

அவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் அவளுடைய இரண்டு கைகளும் குழலின் நுனியில் இருந்தன. பாரம் பாதியாகக் குறைந்தது. இரண்டு பேருமாகக் குழலை மெதுவாக நிமிர விட்டார்கள். சத்தமே இல்லாமல் அது நேராகிப் பூட்டிக்கொண்டது.

சோணைமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளியங்கிரி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். குடித்து முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"கிட்டத்தானே நின்னுக்கிட்டிருந்தீங்க மேஸ்திரி. நான் இந்தப் பாடு படுறது தெரியலையா? முன்னாடியே வந்து பிடிச்சிருக்கலாமே?"

எப்சிபா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"கிட்டத்தான்ணே நின்னேன். பிடிச்சிருக்கிறவரு வாயைத் திறக்காம, பக்கத்துல நிக்கிறவ எங்க போய்ப் பிடிக்கிறது?"