ரிங்குக்குக் கீழே

"உலகத்திலேயே, எல்லாக் காலத்துக்கும் சேர்த்து, பெரிய பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் யாரு கோச்? ஒரே பேர் சொல்லுங்க. முடிச்சிக்கலாம்."

ரெஜினா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

கோச் பெனிட்டா அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனால் விசில் பெனிட்டாவின் கழுத்தில்தான் தொங்கியது.

"எதுக்குக்கா?"

"அதோ உட்கார்ந்திருக்காளே மகாராணி, அவளுக்காகத்தான்."

கோர்ட்டின் மறுகோடியில் கற்பகம் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுவரை இருவரும் ஒரே டீம். பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது வினை. அதிகப் புள்ளி போட்டவன்தான் பெரியவன் என்றாள் ரெஜினா. அதிகக் கோப்பை வாங்கியவன் என்றாள் கற்பகம். 'உனக்கு எப்பவுமே உன் புள்ளிதான்டி பெரிசு' என்று எழுதிவிட்டுக் குழுவைவிட்டே வெளியேறினாள்.

இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை.

கணவரோடு பேசாமல் இருப்பது ரெஜினாவுக்குப் பழக்கம்தான். இது அப்படி இல்லை. சோறு இறங்கவில்லை.

பெனிட்டா பந்தைக் கொடுத்தாள்.

"போடுங்க."

போட்டாள். ரிங்குக்குள் விழுந்தது. பந்து உருண்டு மதில் ஓரம் போயிற்று. ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

"போடுங்க."

மறுபடி விழுந்தது. மறுபடி ஓட்டம்.

"பந்து பொறுக்கவா இட்லிகூட ஊத்தாம ஓடி வந்தேன்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

"போடுங்கக்கா."

மூச்சு இரைக்கப் போட்டாள்.

இந்த முறை பந்து உருளவில்லை. ரிங்குக்குக் கீழே கற்பகம். எப்போது வந்தாளோ. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பந்தைத் திருப்பி அனுப்பினாள்.

ரெஜினா போட்டாள். பந்து வந்தது.

போட்டாள். வந்தது.

விழுந்ததும் வந்தது, தப்பியதும் வந்தது. ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்கு நேராக. ஒரு தடவைகூட அவளைக் குனிய விடவில்லை.

குனிந்தால் ரெஜினாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏன்டி, எனக்கு முழங்கால் வலின்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீ ஓடுற லட்சணத்தைப் பார்த்தாத் தெரியாதா?"

ரெஜினா பந்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கோச் இன்னும் பேர் சொல்லலியே?" என்றாள் கற்பகம்.

"வாயை மூடு."

ரெஜினா நொண்டி நொண்டிப் போய்ப் பந்தை அவள் கையில் திணித்தாள். ரிங்குக்குக் கீழிருந்து அவளைத் தோளால் இடித்து நகர்த்தினாள்.

"தள்ளுடி. நான் நிக்கிறேன். நீ போடு."