ஒற்றைச் சிங்கம்

பழைய கதவுகளின் பித்தளைக் கைப்பிடி, குமிழ், தாழ்ப்பாள் எல்லாம் சேர்ப்பவர் மிராசு சிதம்பரநாதன். வீட்டுக்கு வருகிறவனின் மடியைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். யாரையும் நம்பாமல், சேர்த்ததைத் தினம் ஒரு மூலையில் ஒளித்துவைப்பார்.

ஒருநாள் அவற்றில் ஒரு சிங்கமுகக் கைப்பிடியைக் காணவில்லை. புளி போட்டுப் பித்தளையைத் துலக்கும் வேலைக்காரி ராக்காயி மேல் பழி விழுந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள சிங்கம் வரணும். இல்லைன்னா நீ ஜெயிலுக்குப் போகணும்" என்றவர், ஏட்டையும் வரவழைத்துவிட்டார்.

"எப்படி இருக்கும்? அடையாளம் சொல்லுங்க" என்றார் ஏட்டு.

மிராசு வாயைத் திறக்குமுன் ராக்காயி முந்திக்கொண்டாள்.

"நேர்லயே பாத்துருங்க ஏட்டய்யா. ரெட்டைக் கதவுக்கு ரெண்டு சிங்கம் இருக்கும்ல? காணாமப் போனதோட ஜோடி நம்ம பெருமாள் கோயில் மடப்பள்ளியில ஒரு கதவுல இன்னும் இருக்கு. அதோட இன்னொரு கதவுல ஆணி பிடுங்கின ஓட்டைதான் இருக்கு. வாங்க, காட்டுறேன்."

ஏட்டு மிராசைப் பார்த்தார். மிராசு எழுந்து உள்ளே ஓடினார். வீட்டையே கவிழ்த்துத் தேடியதில், அவரே ஒளித்துவைத்த சிங்கம் அரிசிப் பானைக்குள் கிடைத்தது.

"கிடைச்சிருச்சு. நீங்க கிளம்புங்க ஏட்டய்யா."

ஏட்டு கிளம்பவில்லை. ராக்காயி கையை நீட்டினாள்.

"குடுங்கய்யா, துலக்கித் தாரேன். கோயிலுக்குத் திரும்பிப் போறது பளிச்சுன்னு போகட்டும்."